கண்டுபிடித்தவர் பெயர்

காப்புரிமைச் சான்றிதழைத் திறந்துவைத்த அன்று குத்துவிளக்கேற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். டிசைன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். பொது மேலாளர் மெழுகுவத்தியை என் கையில் கொடுத்து, "வாங்கம்மா, மகாலட்சுமியாட்டம் வந்து ஏத்துங்க" என்றார். ஐந்து திரியையும் ஏற்றினேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தின் மேலிருந்த பட்டுத்துணியை அவர் விலக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டேதான் படித்தேன். சான்றிதழோடு விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்துச் சட்டம் போட்டிருந்தார்கள். ஈர வைக்கோல் சுற்றிக்கொள்ளாத அறுவடை இயந்திர உருளை. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று பொது மேலாளருடையது, மற்றது எங்கள் பிரிவுத் தலைவருடையது.

என் கை எப்போது நின்றது என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்ததும் மறுபடி தட்டினேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் முடிந்திருந்தது.

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் நெல் அறுக்கும் இயந்திரங்கள் செய்தோம். எங்கள் பக்கம் குறுவை அறுப்பு வரும்போது மழையும் கூடவே வந்துவிடும். கதிர் சாய்ந்து கிடக்கும். வயலில் கணுக்கால் சேறு. வடக்கேயிருந்து வந்த டயர் வண்டிகள் அச்சுவரை புதைந்து நிற்கும். நாங்கள் செய்தது டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற வண்டி. அது புதையாது. ஆனால் ஈர வைக்கோல் உள்ளே போகிற உருளையில் கயிறு மாதிரி சுற்றி இறுகிவிடும். அரைமணிக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் உள்ளே கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். அதில் விரலை இழந்தவர்கள் உண்டு. அந்த உருளையைச் சரிசெய்வது என் வேலை.

முப்பத்திரண்டு வயதில் ஒரு குறுவைக்கு, கூத்தாநல்லூர் பக்கத்தில் ஒரு வயலில் சோதனைக்குப் போனோம். அந்த வருஷம் ஊருக்கு ஊர் மறியல். அறுப்புக்கு மிஷின் இறங்கினால் கூலி போய்விடும் என்று விவசாயத் தொழிலாளர்கள் வரப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போனபோது முப்பது நாற்பது பெண்கள் வயலுக்குள்ளேயே, சேற்றில், அரிவாளோடு உட்கார்ந்திருந்தார்கள். நிலத்துக்காரர் ஆளுங்கட்சியில் பொறுப்பிலிருந்தவர். கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாருக்கோ போன் செய்யப் போனார். நான் அந்தப் பெண்களிடம் பேசிப் பார்க்கலாமென்று இறங்கினேன்.

"ஏம்மா, பேச்சப் பாத்தா நம்ம பக்கத்துப் பொண்ணாட்டம் இருக்குற. எங்க கையில இருக்குற அருவாளப் புடுங்கறதுக்கா காலேசுல போயிப் படிச்ச?" என்றாள் ஒருத்தி.

"இடுப்பொடிய குனிஞ்சு அறுக்குறீங்க. அது கொறையும்ல?"

"இடுப்பு எங்களுது. ஒடிஞ்சா நாங்க பாத்துக்கறோம். வேல போச்சுன்னா நீ வந்து பாப்பியா?"

 சற்று நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. பெண்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினார்கள். அவர்கள் விட்டுப்போன அரிவாள்கள் வரப்பெங்கும் கிடந்தன. மத்தியானம் எங்கள் மிஷின் வயலில் இறங்கியது. இறங்கி அரைமணியில் வைக்கோல் சுற்றி நின்றது.

அன்று வண்டி ஓட்டியவர் கம்பெனி ஆள் இல்லை. அறுப்புக் காலத்துக்கு மட்டும் கூலிக்குப் பிடித்த ஓட்டுநர். முத்துப்பேட்டைப் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருப்பார். நாலாவது தடவையாக உள்ளே கையை விட்டு வைக்கோலைப் பிய்த்துப் போட்டவர், வரப்பில் கிடந்த ஓர் ஒடிந்த கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பற்கள் வைத்த அரிவாள் அது.

"மேடம், இது சுத்தி முடிச்சப்பறம்தான நாம அறுக்குறோம்? சுத்துறப்பவே அறுத்துட்டா?"

"எப்படி?"

"இந்தப் பல்லு உருள மேல படாம, பக்கத்துல சாச்சாப்புல நின்னா, வைக்கோலு சுத்த வரும்போதே அறுபட்டுப் போயிடும்ல?"

சர்வீஸ் வேனில் வெல்டிங் செட் இருந்தது. அவரே சாய்வு பார்த்துப் பிடித்துக்கொண்டார். வெல்டர் பற்றவைத்தார். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் வண்டி நிற்கவேயில்லை. பிறகு அரிவாள் முறிந்தது. நான் அந்த முறிந்த துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் திரும்பினேன்.

அடுத்த எட்டு மாதம் நான் அந்த ஒரு பொருளோடுதான் வாழ்ந்தேன். என்ன சாய்வு, உருளைக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடைவெளி, என்ன எஃகு, தேய்ந்தால் கழற்றி மாட்ட என்ன வழி. முப்பத்தேழு வரைபடம் போட்டேன். வயல் சோதனை அறிக்கையும் நான்தான் எழுதினேன். "சோதனையின்போது தற்காலிகமாக ஒரு வெட்டு விளிம்பு பொருத்திப் பார்க்கப்பட்டது" என்று எழுதினேன். யார் பொருத்தினார் என்று எழுதவில்லை. அறிக்கைகளை நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

விழா முடிந்த மறுநாள் காலை பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனேன்.

"சார், டிராயிங் எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு."

"இருக்கு. யாரு இல்லன்னா? சம்பள ரெஜிஸ்டர்லயும்தான் இருக்கு."

"கண்டுபிடிச்சவங்கன்னு போட்டுருக்கு. நீங்க அந்த உருளையைத் தொட்டதுகூட இல்ல சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "இங்க பாரும்மா. உன் பேரப் போட்டா வெல்டர் வருவான், டிரைவர் வருவான், டீ வாங்கிட்டு வந்தவன் வருவான். பேரெல்லாம் ஒரு மரியாதைக்குப் போடறது. கம்பெனி சொத்துதான அது?" என்றார். டிரைவர் என்று அவர் சொன்னது அன்று என் காதில் ஏறவேயில்லை. என் பெயர் போனது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

லீவு போட்டுச் சென்னைக்குப் போய் ஒரு காப்புரிமை வழக்கறிஞரைப் பார்த்தேன். சொத்து கம்பெனியுடையதாக இருந்தாலும் கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பிடச் சட்டத்தில் இடமுண்டு என்று அவர்தான் சொன்னார். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. உடனே அவரே, அதைக் கேட்பதற்கு ஒரு காலக்கெடு உண்டு, அது முடிந்துவிட்டது என்றார். "பேட்டன்ட் ஆபீஸ் பத்திரிகையில விளம்பரம் வந்தப்ப நீங்க பாக்கலியா?" என்று கேட்டார். அப்படி ஒரு பத்திரிகை இருப்பதே எனக்குத் தெரியாது. திரும்பி வருகிற பஸ்ஸில்தான், இந்தத் தொழிலை நான் படிப்பேன் என்று முடிவு செய்தேன். நியாயத்துக்காக என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆத்திரத்தில்தான் செய்தேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் மதகுகளைப் பார்க்கும் பொறியாளர். தண்ணீரே வராத வருஷங்களில் மதகுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வுக்குக் காத்திருப்பவர். "நாப்பத்தோரு வயசுல சட்டம் படிச்சு யார ஜெயிக்கப் போற?" என்றார். குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குமேல் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. "அப்ப என்னோட டென்த்து?" என்று மட்டும் கேட்டாள்.

என் அப்பா அப்போது எங்களோடு இருந்தார். அவர் இருபத்தாறு வருஷம் ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது அவரும் மனுக் கொடுத்தார். தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை நடந்த அன்று, யார் சாகுபடி என்று பதிகிற கிராமக் கணக்கரின் அடங்கலில் அந்த நிலம் மிராசுதாரின் சொந்தச் சாகுபடி என்று எழுதியிருந்தது. அப்பாவிடம் ஒரு ரசீதுகூட இல்லை. குத்தகை நெல்லுக்கு யாரும் ரசீது கொடுத்ததில்லை. ஆட்சி மாறிய கையோடு கதரிலிருந்து கரை வேட்டிக்கு மாறியிருந்த மிராசுதார், அலுவலக வாசலில் அப்பாவின் தோளில் கைபோட்டு, "நமக்குள்ள எதுக்குடா இதெல்லாம்?" என்றாராம். அடுத்த குறுவைக்கு அந்த வயலில் வேறு ஆள் ஏர் பூட்டினார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு.

மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்த அப்பாவிடம் நான் சட்டம் படிக்கப்போவதைச் சொன்னேன். "சட்டமெல்லாம் நல்ல சட்டந்தான். எங்களுக்காகத்தான் போட்டாங்க. எங்ககிட்ட வந்து சேரல, அவ்வளவுதான்" என்றார். உடனே மருந்து கேட்டார்.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, திருச்சிச் சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம். தினமும் தஞ்சாவூரிலிருந்து காலை பஸ். முதல்நாள் வகுப்பில் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஆசிரியை என்று நினைத்து. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், அது அந்த வருஷம் முழுக்க அடங்கவில்லை. அதற்கு முன்பே அட்மிஷன் கவுன்ட்டரில், "பையன வரச் சொல்லுங்கம்மா, பேரன்ட்ஸ் கையெழுத்து அப்புறம்" என்றார்கள். இடையிலேயே காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதித் தருகிற முகவருக்கான தேர்வையும் எழுதினேன். அதற்கு என் பொறியியல் பட்டமே போதுமாயிருந்தது. முதல் தடவை தோற்றேன். இரண்டாவது தடவை தேறினேன்.

படிப்பு எனக்குப் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பொய்யாகிவிடும். ஒரு பொருளைச் சொற்களால் வேலிகட்டுகிற வேலை அது. வேலி குறுகினால் அடுத்தவன் ஓரமாகப் புகுந்துவிடுவான். அகன்றால் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒன்றை உள்ளே இழுத்து மொத்தமும் செல்லாமல் போகும். வரைபடம் போட்டுப் பழகிய கைக்கு அது ஒத்துவந்தது. எங்கள் உருளையின் காப்புரிமையை எடுத்து வாசித்துப் பார்த்தேன். கருக்கரிவாள் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. "பல்வரிசை கொண்ட சாய்வான வெட்டு உறுப்பு" என்று இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

நாற்பத்தைந்தாவது வயதில் சென்னையில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தேன். சீனியர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பெண்கள் விடுதியில் அறை, வாரக் கடைசியில் ஊருக்கு ரயில். அப்பா போன செய்தி ஒரு சனிக்கிழமை காலை, ரயில் சீர்காழியில் நின்றிருந்தபோது வந்தது. மடியில் ஒரு பம்ப்பின் விண்ணப்பம் விரித்திருந்தேன். போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் பழைய தொழிற்சாலை அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர்களில் ஒன்று. அது தெரிந்துதான் சேர்ந்தேன். அவர்கள் கோப்பு என் மேஜைக்கு வர மூன்று வருஷம் ஆனது.

திருத்துறைப்பூண்டி சாலையில் ஒரு சின்னப் பட்டறை. எல்லா அறுவடை வண்டிக்கும் மாட்டுகிற மாதிரி பல் வைத்த கத்தி செய்து விற்கிறார்கள். எங்கள் கட்சிக்காரரின் காப்புரிமையை மீறுவதால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கூடவே நாலு புகைப்படங்கள். மூன்றாவதில் பட்டறை வாசலில் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கூத்தாநல்லூர் வயலில் ஒடிந்த அரிவாளோடு என்னிடம் வந்தவர்தான்.

கோப்பை மூடினேன். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதை நான் எழுதக் கூடாது என்று சீனியரிடம் சொல்ல அந்த அறைக்கு இருபது அடிதான். போகவில்லை. நாற்பத்தெட்டு வயது. இந்த நாற்காலிக்கு வந்துசேர ஏழு வருஷம். கட்சிக்காரர் சொல்வதை எழுதுவதுதானே தொழில் என்று சொல்லிக்கொண்டேன். மூன்று பக்க நோட்டீஸ் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அவர் தப்பிக்கக்கூடிய எல்லா ஓட்டையும் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் அடைத்தேன். கீழே சீனியர் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எங்கும் இல்லை. அன்று அது எனக்கு வசதியாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், டெல்டாப் பக்கத்துலேருந்து ஒருத்தர் வந்திருக்கார். நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு கேக்குறார். இங்கிலீஷ் தெரியாதாம். நீங்க கொஞ்சம் வந்து சொல்றீங்களா?"

போனேன். அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மேடம்! நீங்களா! அந்த மிஷின் கம்பெனி மேடந்தான? என்னத் தெரியுதுங்களா?"

"தெரியுது. உக்காருங்க."

"அப்பாடா. நல்லவேளை நீங்க இருக்கீங்க. இதப் பாருங்க. மன்னார்குடியில ஒரு வக்கீல்கிட்டக் காட்டுனேன். கத்தி செய்யாத, செஞ்சா கேசுங்கறாரு. எந்தக் கத்திக்கு, எதுக்குன்னா அவருக்கே புரியல."

எதிர்த்தரப்புக்கு நான் ஆலோசனை சொல்லக் கூடாது. எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லலாம். வரி வரியாகச் சொன்னேன்.

"பல்வரிசை கொண்ட வெட்டு உறுப்புன்னா?"

"கருக்கருவாதான்."

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கா இவ்ளோ பெரிய பேரு? மேடம், அது அன்னக்கி நான் வச்சதுதானுங்களே."

"ஆமா."

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

"ஆமா."

"அப்ப என்னங்க? இத எழுதுனவருகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்ல. யாரு எழுதுனது?"

காகிதத்தில் சீனியரின் கையெழுத்துத்தான் இருந்தது. அதைக் காட்டியிருக்கலாம். "நான்தான் எழுதுனேன்" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லத்தான் போனது, கேட்டது சரிதானா என்று பார்ப்பவர்போல. நான் பேச ஆரம்பித்தேன். என் பெயரையும் அவர்கள் போடவில்லை, அதனால்தான் வேலையை விட்டேன், இந்த வயதில் படித்தேன், எவ்வளவு கஷ்டம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க பேரு இல்லன்னு உங்களுக்கு இத்தன வருசம் கோவம். சரிங்க. என் பேரு இல்லையேன்னு ஒரு நாளாவது தோணுச்சுங்களா?"

நோட்டீசின் மூன்று பக்கங்களையும் விளிம்பு சேர்த்து அவரிடம் நீட்டினேன்.

"அன்னக்கி வயல்ல டீ குடிக்கறப்ப உங்க அப்பாரு கதை சொன்னீங்க. குத்தகைக்குப் பேரு ஏறலன்னு அழுவாத கொறையாச் சொன்னீங்க. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வயல்ல நட்டவங்க, அறுத்தவங்க பேர நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல." நோட்டீசை ரேஷன் அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் திரும்ப வைத்தார். "நான் வரேங்க. சாயந்தரம் பஸ்ஸு இருக்கு."

"ஒரு நல்ல வக்கீலாப் பாத்து வச்சுக்கங்க" என்றேன். அதுவே நான் சொல்லக்கூடாத வார்த்தை. அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அன்றே சீனியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டு, "மேடம், இது நீங்க அந்தக் கம்பெனியில வேலை பாத்தப்ப தெரிஞ்ச விஷயம். அவர் எதிர்த்தரப்பு. இதுல நீங்க வாய தொறந்தா உங்க தொழிலே போயிடும். கோப்பை நான் வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்" என்றார். கொடுத்தார். அன்றே வேலையை விட்டேன் என்று இங்கே எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் பதினான்கு மாதம் அங்கேயே இருந்தேன். பிறகு விட்டதற்குக்கூட, கணவருக்கு இதயத்தில் அடைப்பு வந்ததுதான் காரணம்.

தஞ்சாவூர் திரும்பிய பிறகு ஒரு நாள் திருத்துறைப்பூண்டி சாலைக்குப் போனேன். பட்டறை இருந்தது. வாசலில் கத்திகள் இல்லை. பிரித்துப்போட்ட இரண்டு பம்ப்செட்டுகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். நோட்டீசுக்குப் பிறகு கம்பெனி ஆட்கள் வந்து, இனி செய்யமாட்டேன் என்று எழுதிவாங்கிக்கொண்டு, கத்தி அடிக்கும் அச்சுகளையும் எடுத்துப் போய்விட்டார்களாம். வேலைக்கிருந்த இரண்டு பேரில் ஒருவர் திருப்பூருக்கும் ஒருவர் கேரளாவுக்கும் போய்விட்டார்கள்.

நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த வாக்குமூலத்தை எடுத்தேன். விண்ணப்பம் போடும் முன்பே, வெட்டவெளி வயலில், இவர்தான் அதைப் பொருத்தினார், நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். இதை வைத்து அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்கலாம், என் தொழிலுக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, மனுவில் நீங்கள் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

"இப்ப எதுக்குங்க?"

"செஞ்சது நீங்கதான்னு தீர்ப்புல உங்க பேரு வரணும்."

"எனக்காவா, உங்களுக்காவா?"

 அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்தார். "அன்னக்கி அந்த ஆபீசுல வச்சு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா பட்டறை பொழச்சிருக்கும். இப்ப பேர வச்சு நான் என்னங்க பண்ண?" பிறகு வீட்டுப்பக்கம் திரும்பி, "ஒரு டீ போடு, மேடம் வந்துருக்காங்க" என்றார். டீ வந்தது. குடித்தேன். வாக்குமூலத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் காப்புரிமை அலுவலகப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். அந்தக் காப்புரிமை காலாவதியாகி இருந்தது. யாரும் ரத்து செய்யவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கட்டவேண்டிய புதுப்பிப்புக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டவில்லை. வெளிநாட்டு வண்டிகள் வந்துவிட்டன, எங்கள் மாதிரியைச் செய்வதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் மூன்று பக்கம் எழுதிக் காப்பாற்றிய உரிமை, அடுத்த வருஷமே அவர்களுக்கு வேண்டாததாகிவிட்டது.

போன் செய்து சொன்னேன். "இனிமே யாரு வேணும்னாலும் அந்தக் கத்திய செய்யலாங்க. நீங்களும் செய்யலாம்."

"அச்சு இல்லீங்களே" என்றார். பிறகு, "சரிங்க, வச்சுடறேன்" என்றார்.

இப்போது தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மாடி அறையில் என் அலுவலகம். வருகிறவர்களில் பாதிக்குமேல் பொறியியல் கல்லூரிகள். தரப்பட்டியலில் முன்னுக்கு வர அவர்களுக்குக் காப்புரிமை விண்ணப்பங்கள் வேண்டும். போன மாதம் ஒரு கல்லூரியின் முதல்வர் வந்தார். மழையில் நனைந்த நெல்லை உலர்த்துகிற ஒரு சிறிய இயந்திரம். படம் அருமையாக இருந்தது. கண்டுபிடித்தவர்கள் என்று ஆறு பேராசிரியர்களின் பெயர்கள், முதல் பெயர் அவருடையது.

"சார், இதச் செஞ்சது யாரு?"

"எங்க டிபார்ட்மென்ட்தாங்க."

"கையால செஞ்சது? யோசனை யாருக்கு வந்துச்சு?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "எங்க ஒர்க்ஷாப்புல ஒரு அட்டெண்டர் இருக்காரு. விவசாயக் குடும்பம். அவரு சும்மா ஏதோ செஞ்சு வச்சிருந்தாரு. நாங்கதான் அத முறைப்படுத்துனோம்."

"அவரு பேர முதல்ல போடணும். இல்லன்னா நான் எழுத மாட்டேன்."

"அட்டெண்டர் பேரையா?" என்றார், நான் ஏதோ ஆபாசமாகப் பேசிவிட்டதுபோல. "அவரே கேக்கலியே மேடம்."

நான் என் கதையைச் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னேன். உண்மையில் கண்டுபிடித்தவரை மறைப்பது தவறு, பின்னால் சிக்கல் வரும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டார். அந்த அட்டெண்டரைத் தேடி நான் அந்தக் கல்லூரிக்குப் போயிருக்கலாம். ஆட்டோவில் அரைமணி நேரம்தான். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வேறு வேலை வந்துவிட்டது.

நேற்று பதிவேட்டில் பார்த்தேன். வேறொரு முகவர் வழியாக விண்ணப்பம் போயிருக்கிறது. ஆறு பெயர்கள். பொருளுக்கு வேலிகட்டுகிற உரிமைக்கோரல் வரிகளை அச்செடுத்து வாசித்தேன். சுமாராகத்தான் எழுதியிருக்கிறார், மூன்றாவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை எப்படி அடைத்திருக்கலாம் என்று என் கை தானாகவே ஓரத்தில் குறிக்க ஆரம்பித்திருந்தது.